ஓரகத்தியின் டிப்ரஷனும் எனக்கு வராத காப்பியும்

அடுத்தவர் நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அடுத்தவர் வீட்டு மாடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அடுத்தவரின் நோயைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதுவும் லேசான பொறாமை இல்லை. சோற்றைப் பிசையும்போது நினைத்து நினைத்துப் பிசைகிற அளவுக்குப் பொறாமை.

நோயின் பெயர் டிப்ரஷன். நோயாளி என் ஓரகத்தி பியூலா.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் நானும் என் கணவர் சாமுவேலும். கீழே அத்தை, மாமா, கொழுந்தன் டேனியல், அவன் மனைவி பியூலா. அத்தை ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. (வேலையிலிருந்துதான் ஓய்வு. பதவியில் இன்றைக்கும் இருக்கிறார்.) முப்பது வருஷம் பிள்ளைகளின் லீவ் லெட்டரைப் படித்தவர். எது நிஜக் காய்ச்சல், எது கிரிக்கெட் காய்ச்சல் என்று கையெழுத்து சாய்ந்திருக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரில் பேச்சு.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷமே டைபாய்டு வந்தது. உடம்பு தீயாய்க் கொதித்தது. அத்தை மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டு, "எத்தன நாளைக்குப் படுக்கதா உத்தேசம்? எந்திச்சு நாலு நட நடந்தா சரியாயிரும்" என்றார். மீதிப் படியை ஏறவில்லை.

அதே அத்தை, பியூலா படுத்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

பியூலா என்னைவிட ஆறு வயது சின்னவள். கணக்கில் முதுகலை. கல்யாணமாகி வந்த புதிதில் கலகலவென்றுதான் இருந்தாள். இரண்டாவது வருஷம் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. ஒரு கட்டத்தில் தலை வாருவதுகூட மலை ஏறுகிற வேலையாகி, அறையைவிட்டு வெளியே வருவதே நின்றுபோனது. பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மாத்திரை கொடுத்தார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு "தைராய்டு" என்று பதில் சொன்னோம். (எங்கள் ஊரில் வெளியே சொல்ல முடியாத எல்லா வியாதிக்கும் தைராய்டுதான் பெயர்.)

தினமும் காலை ஆறரை மணிக்கு அத்தை தன் கையால் காப்பி போட்டு, சாஸரில் வைத்து, பியூலாவின் அறைக் கதவை விரலால் தட்டித் திறந்து, "எம்மா, எந்திக்கியா? மெதுவா எந்தி" என்பார். கையில் இரண்டு டிபன் பாக்ஸோடு மாடிப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு வருஷமாக அந்த வீட்டில் நான் குடித்த ஒவ்வொரு காப்பியும் நானே போட்டது. சாஸர் என்று ஒரு சாமான் வீட்டில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

எனக்கு மட்டும் ஏன் டிப்ரஷன் வரமாட்டேன் என்கிறது?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முயற்சிகூடச் செய்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வாழ்க்கையே வெறுமையாக இருப்பதாக நினைக்கத் தொடங்கினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கீழே வடை சுடுகிற வாசனை வந்தது. இறங்கிப் போய் நாலு வடை சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாமுவேல், "ஏட்டி, படுத்திருந்தியே, என்னத்துக்கு?" என்று கேட்டதற்கு, "சும்மா" என்றேன்.

வராத நோயை எழுதியாவது தீர்ப்போம் என்று நினைத்ததில்தான் சனி பிடித்தது.

ராஜபாளையம் ரோட்டில் சுடலைமணி அண்ணாச்சி கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் யூடியூப்பில் ஒரு காமெடித் தொடர் விட்டுக்கொண்டிருந்தார். 'ஆறு பேரு அஞ்சு சேரு' என்று பெயர். ஒரு கூட்டுக் குடும்பம், தினம் ஒரு ரகளை. அதற்குக் கதை வசனம் நான். சம்பளம் கிடையாது. முதலில் என் பெயர் வரும், அது போதும் எனக்கு. மாமியார் வேஷத்தில் அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள், மற்ற வேஷங்களில் அவர்கள் சொந்தக்காரர்கள்.

நான் எழுதிக்கொண்டு போன புது எபிசோடின் பெயர் 'மருமகளுக்கு மூடு சரியில்ல'. வேலை செய்ய அலுப்புப்பட்டு டிப்ரஷன் என்று படுத்துக்கொள்கிற மருமகள். அவளுக்குக் காப்பி சுமக்கிற மாமியார். எங்கள் வீட்டு சாஸரிலிருந்து, கிழமை வாரியாகக் கட்டம் போட்ட மாத்திரை டப்பா வரைக்கும் அப்படியே இறக்கியிருந்தேன். பியூலா குளிக்கும்போது கப்பை வாளியில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பாள். எங்கள் அறைக்கு நேர் கீழே அவள் குளியலறை. அரை மணி நேரம் அந்தச் சத்தம் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையும் விடவில்லை. அண்ணாச்சி அந்தத் தாளத்துக்கு வெளியே குடும்பமே ஆடுகிற மாதிரி ஒரு காட்சி சேர்த்தார். மருமகளுக்குத் தலையை விரித்துவிட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார்.

"டிப்ரஷனுக்கு எலுமிச்சம்பழம் எதுக்கு அண்ணாச்சி?"

"அப்பந்தான் டீச்சர் சனங்களுக்கு விளங்கும்."

பேச்சியம்மாள் மட்டும் வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "டீச்சர், கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. இதுல நாங்க யாரப் பாத்து சிரிக்கணும்?"

"எல்லாரையும் பாத்துதான். காமெடின்னு வந்துட்டா இதத் தொடலாம், அதத் தொடக்கூடாதுன்னு வேலி போட முடியாதுக்கா" என்றேன். எங்கேயோ பேட்டியில் கேட்டது. சொல்லும்போது தாடையைக்கூடக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன். அவர் "நீங்க படிச்சவிய, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தாளை மடித்துக்கொண்டார்.

எபிசோடு செவ்வாய்க்கிழமை காலையில் வெளிவரும் என்பது ஏற்பாடு. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் டிவி பக்கம் போகமாட்டார்கள். ஆனால் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அள்ளும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, இரண்டு நாள் முன்னாலேயே போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம். ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அத்தையோடு முன்பு வேலை பார்த்த எஸ்தர் டீச்சரும் சாப்பிட வந்திருந்தார். சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் ஒலிபெருக்கி வைக்க வேண்டியதில்லை. அன்றைக்குப் பார்த்து, பல வாரங்களுக்குப் பிறகு பியூலா தலை வாரி, பூப்போட்ட சுடிதார் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

அந்தச் சந்தோஷத்தில் மாமாவின் போன் 'டிங்' என்றது. அந்தச் சேனலுக்கு மணி அடிக்கும்படி வைத்திருந்தவர் உலகத்திலேயே மாமா ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

"செல்வி! ஒன் நாடகம் வந்துட்டு! எல்லாரும் பாப்போம்!"

"மாமா, நெட்டு சரியில்ல" என்றேன்.

"நல்லாத்தான இருக்கு."

"டிவி சூடாயிரும் மாமா."

அதற்குள் திரையில் பெரிதாக 'கதை, வசனம்: செல்வி சாமுவேல்' என்று விழுந்தது. நான் சோபாவுக்குப் பின்னால் போய், இணையப் பெட்டியின் வயரைத் தேடுகிற சாக்கில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். மின்விசிறி நின்றது. டிவி ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் இரண்டு நிமிஷம் மாமா சிரித்தார். சாஸர் வந்ததும் சிரிப்பு நின்றது. மாத்திரை டப்பா வந்ததும் டேனியல் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். தலைவிரி கோலத்தில் எலுமிச்சம்பழம் வந்தபோது எஸ்தர் டீச்சர் ஒருவர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குளியலறைக் காட்சி வந்தது. டக், டக், டக். பியூலா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

முடிந்தது. எஸ்தர் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யம்மா, நெசத்துல பாத்த மாதிரியே எழுதியிருக்கியே! யாரு இவ? ஒங்க வீட்டு ஆளா?" கேட்டுவிட்டு அவர் கண் மெல்ல அறையைச் சுற்றியது. அத்தை, மாமா, டேனியல் எல்லாரையும் கடந்து பியூலாவின் ஒடுங்கிப்போன கையில் வந்து நின்றது.

அத்தை என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் வகுப்பறைகளை அடக்கிய கண்.

"நாந்தான் டீச்சர்" என்றேன். "எனக்குத்தான் மனசு சரியில்ல. டிப்ரஷன்."

பியூலாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. நிஜம் அது இல்லை. அத்தையின் கண்ணிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயில் வந்ததைச் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறரை மணி. மாடிப்படியில் காலடிச் சத்தம். பாதியில் நிற்கவில்லை, முழுதாக ஏறி வந்தது. கதவை விரலால் தட்டி, "எம்மா, எந்திக்கியா? மெதுவா எந்தி" என்றார் அத்தை. கையில் காப்பி. அடியில் சாஸர்.

அந்தக் காப்பியைக் குடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷக் காத்திருப்பு! இரண்டாவது வாய் குடிப்பதற்குள் அத்தை கையை நீட்டினார். "போன ஒப்படை. ஸ்க்ரீன் பாக்கக் கூடாது. டாக்டர் பியூலாவுக்குச் சொன்னதுதான் ஒனக்கும்." போன் போயிற்று. அடுத்து, என் பள்ளிக்கூடத்துக்கு அவரே போன் போட்டு ஒரு வாரம் லீவ் சொன்னார். எதற்கு என்றும் சொன்னார்.

மத்தியானம் மாமா ஸ்குரூ டிரைவரோடு வந்தார். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். "பயப்படாத மக்கா, ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"கதவு தொறந்திருந்தா எப்படி மாமா குளிக்கது?"

கீழேயிருந்து அத்தை பதில் சொன்னார்: "பாடிக்கிட்டே குளி. பாட்டு நின்னா உள்ள வந்துருவேன்."

பாடினேன். எனக்குத் தெரிந்த கீர்த்தனைகள் மொத்தம் ஏழு. முகத்துக்கு சோப்பு போடும்போது வாயை மூடத்தானே வேண்டும்? இரண்டாவது நாள் அப்படி ஒரு வரியை விழுங்கிவிட்டேன். கதவு படாரென்று திறந்தது. (அதற்குமேல் எழுதுவதற்கில்லை.) அன்றிலிருந்து முகத்துக்கு சோப்பு போடுவதையே விட்டுவிட்டேன். அடுத்த வீட்டு வாசலில் காய்கறி விற்க வருகிறவர் ஒருநாள், "அந்தம்மா சரணத்துல சுதி சேராம பாடுது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சாமுவேல் எனக்கு உதவவே இல்லை. "நீதான சொன்ன? அம்மா பாத்துக்கிடுவா" என்று வேலைக்குப் போய்விட்டார்.

வந்து பார்த்தவர்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். எஸ்தர் டீச்சர் தன் கடமையைச் செய்திருந்தார். ஒருவர், கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "ஒனக்கு என்ன கொறச்சல்? ஒனக்கெல்லாம் வரலாமா?" என்று அதட்டினார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த, என் பிறந்த வீட்டு வழியில் அத்தை முறையாகும் ஒருவர் எதுவும் பேசாமல் அரை மணி நேரம் என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, கிளம்பும்போது சாமுவேலின் காதில், "ஒனக்கு வயசு இருக்குய்யா, தைரியமா இரு" என்று சொன்னது எனக்கே கேட்டது. நான் சிரித்தால், "பாத்தியா, காரணமில்லாம சிரிக்கா" என்றார்கள். சிரிக்காவிட்டால், "பாவம், சிரிப்பே போச்சு" என்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில், நோயாளிகளுக்கான ஜெபக் குறிப்பு வாசிக்கிற நேரம் வந்தது. மூட்டு வலி, சர்க்கரை, கண் ஆப்பரேஷன் எல்லாம் வாசித்து முடித்து, மைக்கில் கணீரென்று: "நம் சபையைச் சேர்ந்த திருமதி செல்வி சாமுவேல் அவர்களின் மனநோய் நீங்க."

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பியது. என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் முன் பெஞ்சில் இருந்தார்கள். ஒரு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் அடங்காத பிள்ளைகள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து கைகட்டிக்கொண்டார்கள். எல்லாரும் என்னைக் கவனிக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கினேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு பெஞ்சுக்கு அடியில் கொஞ்சம் இடம் மட்டும்தான்.

வெளியே வந்தபோது ஒரு அம்மா என்னைத் தனியே இழுத்து, "மாமியா கொடுமையா?" என்று கேட்டார். இரண்டடி தள்ளி நின்ற அத்தைக்கு அது கேட்டது. அவர் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு பழையபடி நிமிர்ந்தது. குடையை விரித்துக்கொண்டு, எனக்கும் சேர்த்துப் பிடித்தபடி நடந்தார். வழி நெடுகிலும் பொய்யை அவிழ்த்துவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் மூடினேன்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டாயிற்று. பியூலாவுக்கும் மாதப் பரிசோதனை. "ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வாங்க" என்றார் அத்தை.

திருநெல்வேலி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தேவர்குளம் தாண்டும்வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"பியூலா, எனக்கு டிப்ரஷன் இல்ல."

"தெரியும்க்கா."

"எப்பம்?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. எனக்கு அந்த வார்த்தைய வாயத் தொறந்து சொல்ல எட்டு மாசம் ஆச்சு. நீங்க எட்டு செகண்டுல சொல்லிட்டிய."

நான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அத்தைக்கும் தெரியுமோ?"

"அவிய எத்தன லீவ் லெட்டர் படிச்சவிய! அன்னைக்கு எஸ்தர் டீச்சர் போனதும் எங்கிட்ட வந்தாவ. 'அவ நோயாளியா இருக்கணும்னு ஆசப்படுதா. ஒரு வாரம் இருக்கட்டும்'னாவ. மாமாட்ட மட்டும் சொல்லல. மாமா நெசம்னே நம்பிட்டாவ, பாவம்."

ஒரு வாரம் நான் பாடிய ஏழு கீர்த்தனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக என் காதில் ஒலித்தன.

"எனக்கும் காப்பி கொண்டு வருவாவளான்னுதான்..." என்று இழுத்தேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று தெரிந்தது.

"முதல் மூணு மாசம் அத்தை எங்கிட்ட என்ன பேசுனாவன்னு ஒங்களுக்குத் தெரியாதுக்கா. நீங்க ஸ்கூலுக்குப் போன பெறகுதான் பேசுவாவ. சோம்பேறி, நடிக்கா, எங்கம்மா வளத்த லட்சணம்... டாக்டர் அவிய மூஞ்சிக்கு நேரா சத்தம் போட்டாவ. மறுநாள்தான் அந்தக் காப்பி வந்தது. அத்தைக்கு மன்னிப்புக் கேக்க வராது. காப்பிதான் போட வரும்."

மானூர் வந்தது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நீ குளிக்கும்போது கப்ப வச்சுத் தட்டுவியே..."

"எங்க பாத்ரூம்லயும் தாழ்ப்பாளக் கழத்திட்டாவல்லா. என்னையும் பாடத்தான் சொன்னாவ. எனக்கு வாயத் தொறந்தா சத்தமே வராது. மாமா வெளிய சேர் போட்டு ஒக்காந்துக்கிட்டு, 'பாடாண்டாம் மக்கா, கப்ப வாளில தட்டு, நீ நல்லா இருக்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்'னாவ."

அதன் தாளத்துக்குத்தான் ஒரு குடும்பமே ஆடுகிற மாதிரி என் பெயரில் படம் வந்திருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சுரு" என்றேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாமல் இன்னொரு தடவையும் சொன்னேன்.

"ரெண்டு தடவயும் கேட்டுச்சு" என்றாள்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. என்னை உட்காரவைத்து, தூக்கம் எப்படி என்றார். நன்றாக வரும் என்றேன். பசி? அதுவும் வரும். அழுகை? காப்பி வந்த அன்று ஒருமுறை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப என்னதான் செய்யுது ஒங்களுக்கு?"

"பொறாமை, டாக்டர். வெளியே உட்கார்ந்திருக்காளே, அவ மேல."

அவர் சிரிக்கவில்லை. "அவங்ககிட்ட இருக்கதுல எது ஒங்களுக்கு வேணும்?" என்று கேட்டார். பாவ அறிக்கை கேட்கிறவர்போல, நிதானமாக. நான் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். அவள் தூங்காத ராத்திரிகள் வேண்டாம். மாத்திரை வேண்டாம். தாழ்ப்பாள் இல்லாத கதவு வேண்டவே வேண்டாம். காப்பிகூட மன்னிப்பு என்று தெரிந்த பிறகு வேண்டியிருக்கவில்லை. சாஸர் மட்டும்தான் மிச்சம். அதைச் சொன்னேன். அப்போதுதான் டாக்டர் சிரித்தார். சீட்டில் 'நலமாக இருக்கிறார், வேலைக்குச் செல்லலாம்' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அத்தை அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, நான்காக மடித்தார். "நாளைல இருந்து ஸ்கூலுக்குப் போ. எஸ்தர்ட்ட நீயே போயி சொல்லு." என் போனைத் திருப்பிக் கொடுத்தார். மாமாவிடம் நான் உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நல்லாருக்கியா? நெசமா? அது போதும்" என்று தாழ்ப்பாளைப் பொருத்தப் போனார். அத்தையின் கண்ணைவிட அதுதான் சுட்டது.

போனைத் திறந்தால், நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பார்த்த எபிசோடு அதுதான். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'எங்க அக்காவும் இப்படித்தான் படுத்தே இருக்கா. அவளுக்கு இதைக் காட்டினேன். நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.' அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை.

சுடலைமணி அண்ணாச்சியிடம் அழிக்கச் சொன்னேன். தலையில் கை வைத்தார். "டீச்சர், ஓடுத குதிரைய நிறுத்தச் சொல்லுதியளே!" பேச்சியம்மாள்தான் அவர் கையிலிருந்து போனை வாங்கி அழித்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அத்தனை பேர் பார்த்தார்களே!

இரண்டு மாதம் கழித்து, கொஞ்சம் தேறிய பியூலா மாடிக்கு ஏறி வந்தாள். "அக்கா, அதுல ஒரு தப்பு இருந்துச்சு. படுத்திருக்கவ ரிமோட்ட வாங்கி நாடகம் பாக்கா. எனக்கு ரிமோட்டு கையில இருக்கும், பட்டன அமுக்கத்தான் முடியாது. ஒருநாள் மூணு மணி நேரம் வெறும் நீலத் திரை. மாமா பக்கத்துல வந்து ஒக்காந்து பயபக்தியா பாத்துட்டு, 'இந்த சேனல்ல எப்பம்மா படம் போடுவான்?'னு கேட்டாவ."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே வயிற்றுக்குள் அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. ஒரு வருஷம் ஒட்டுக் கேட்டு நான் எழுதியதில் இந்த அளவுக்கு ஒரு வரி இல்லை.

அந்த நீலத் திரையை வைத்துப் புது எபிசோடு எழுதினோம். படுத்திருக்கிறவள் சும்மாதான் இருப்பாள். ஆட்டமெல்லாம் அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆடுவது. பேச்சியம்மாள் இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரிக்கணும் என்று கேட்கவில்லை. கீரை சாப்பிடச் சொல்கிறவளாக அவரே நடித்தார். எஸ்தர் டீச்சர் பார்த்துவிட்டு, "இப்படியும் சில பேரு இருக்காவ, என்ன செய்ய!" என்று வருத்தப்பட்டாராம். எழுதியவர்கள் என்று இரண்டு பெயர் போட்டோம். பாராட்டுகிறவர்கள் எடுத்துச் சொல்கிற வரிகளெல்லாம் அவளுடையவையாகவே இருந்தன. ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில், "கேஸ ஆஃப் பண்ணாம விட்டது யாரு?" என்று அத்தை குரல் கொடுத்தால் போதும். சாமுவேல், டேனியல், மாமா மூன்று பேரும் சேர்ந்து, "நாந்தான் டீச்சர், எனக்குத்தான் மனசு சரியில்ல" என்று கோரஸ் பாடுவார்கள். பியூலாவும் சேர்ந்துகொள்வாள். போன மாதம் ஒரு காலையில் அந்தக் கோரஸ் முடிந்த பிறகு, அறைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் தனியாக, தாமதமாக வந்தது.

"நாந்தான். இன்னைக்கு நெசமாவே."

யாரும் சிரிக்கவில்லை. டேனியல் டாக்டருக்குப் போன் போட்டான். அத்தை அடுப்பைத் தணித்தார். நான் பள்ளிக்கு லீவ் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் மாத்திரை மாற்றி, மெல்லத் தேறினாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள். எனக்கு மிகவும் பிடித்த இரண்டு நகைச்சுவைகளை அடித்தாள். "இது வேண்டாம்க்கா, படிக்கவளுக்கு வலிக்கும்" என்றாள். ஒரு இடத்தில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள். பிறகு சாமுவேல் படித்தார். முழுக் கட்டுரையிலும் அவர் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு வரிக்குத்தான். அது எந்த வரி என்று நான் சொல்லப்போவதில்லை.